‘நீராருங் கடலுடுத்த’ பாட்டில் அந்த ‘உன்’ எங்கிருந்து வந்தது?

#1 பொருநைக்கரை

எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழா. அழைப்பிதழின் பின்பக்கம் தமிழ்த்தாய் வாழ்த்தை அச்சடிக்கலாம் என்று முடிவாகி, தட்டச்சு வேலை என் தலையில் விழுந்தது. முதல் ஆறு வரியும் அளந்து வெட்டியது மாதிரி ஒரே நீளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. ஏழாவதில்தான் சிக்கல். ‘உன் சீரிளமைத் திறம்வியந்து செயல்மறந்து வாழ்த்துதுமே’. அந்த ‘உன்’ மட்டும் இடது ஓரத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. மேல் வரியோடு சேர்த்தால் அந்த வரி நீள்கிறது, தனி வரியாகப் போட்டால் பார்க்க நன்றாக இல்லை. இவ்வளவு கணக்காக எழுதியவர் இந்த ஒரு சொல்லை மட்டும் ஏன் இப்படி விட்டார் என்று இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. மனோன்மணீயம் சுந்தரனார் எழுதியது என்பது தவிர எனக்கு இந்தப் பாட்டின் கதை எதுவும் தெரியாது. யாராவது முழுசாகச் சொல்லுங்களேன்.

#2 ஏட்டுக்கட்டு

ஐயா, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அந்த ‘உன்’ கவிஞர் விட்ட பிழையில்லை, கத்தரித்த இடத்தில் தங்கிப்போன நூல் நுனி. நாம் பாடுவது முழுப் பகுதி கிடையாது. மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்த செய்யுள் நாடகம். அதன் பாயிரத்தில் ‘தமிழ்த் தெய்வ வணக்கம்’ என்ற தலைப்பில் இது வருகிறது. தொடக்கம் இப்படி:

நீராருங் கடலுடுத்த நிலமடந்தைக் கெழிலொழுகும்
சீராரும் வதனமெனத் திகழ்பரத கண்டமிதில்
தக்கசிறு பிறைநுதலும் தரித்தநறுந் திலகமுமே
தெக்கணமும் அதிற்சிறந்த திரவிடநல் திருநாடும்
அத்திலக வாசனைபோல் அனைத்துலகும் இன்பமுற
எத்திசையும் புகழ்மணக்க இருந்தபெருந் தமிழணங்கே!

பல்லுயிரும் பலவுலகும் படைத்தளித்துத் துடைக்கினுமோர்
எல்லையறு பரம்பொருள்முன் இருந்தபடி இருப்பதுபோல்
கன்னடமுங் களிதெலுங்கும் கவின்மலையா ளமும்துளுவும்
உன்னுதரத் துதித்தெழுந்தே ஒன்றுபல ஆயிடினும்
ஆரியம்போல் உலகவழக் கழிந்தொழிந்து சிதையாவுன்
சீரிளமைத் திறம்வியந்து செயல்மறந்து வாழ்த்துதுமே!

பதினோராம் வரியின் கடைசியைப் பாருங்கள். ‘சிதையா உன்’. அந்த வரியில் மற்றதெல்லாம் போய் ‘உன்’ மட்டும் அடுத்த வரிக்கு ஒட்டுப்போடத் தேவைப்பட்டதால் பிழைத்துக்கொண்டது. நடுவில் கிட்டத்தட்ட ஐந்து வரி காணாமல் போயிருக்கிறது. இதற்குப் பிறகும் பாயிரம் தொடர்கிறது, தாழிசை தாழிசையாக. ‘வள்ளுவர்செய் திருக்குறளை மறுவறநன் குணர்ந்தோர்கள் உள்ளுவரோ மனுவாதி ஒருகுலத்துக் கொருநீதி’ என்ற புகழ்பெற்ற வரிகூட இதே பாயிரத்தில் இருப்பதுதான்.

#3 பொருநைக்கரை

அடேயப்பா. ஐம்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பாடியவன், இதை இப்போதுதான் பார்க்கிறேன்.

#4 வெண்பாப்புலி

ஒட்டு தெரிவதற்கு இன்னொரு தடயமும் உண்டு. எதுகையைக் கவனியுங்கள். நீரார் - சீரார். தக்க - தெக்க. அத்தி - எத்தி. அப்புறம் பல்லு - எல்லை, கன்ன - உன்னு. கடைசி இணை ஆரியம் - சீரிளமை. எல்லாமே இரண்டிரண்டு வரியாகக் கைகோத்து வருகின்றன. ஆரியம் வரியை எடுத்ததும் சீரிளமை துணையில்லாமல் ஒற்றையாக நிற்கிறது. காதுக்குப் பழகிவிட்டதால் நமக்கு உறுத்துவதில்லை. யாப்பு படித்த யாராவது முதன்முறையாகக் கேட்டால் ‘இதன் ஜோடி எங்கே?’ என்று கட்டாயம் கேட்பார்.

பொருநைக்கரை ஐயா, அழைப்பிதழில் வரிகள் ஒரே நீளமாக அமைந்ததற்கும் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் நான்கு சீர், அத்தனையும் காய்ச்சீர். ஒரு சீருக்கு மூன்று அசை. நீ-ரா-ருங், கட-லுடுத்-த, நில-மடந்-தைக், கெழி-லொழு-கும். கடைசி வரைக்கும் இந்தக் கணக்கு பிசகவே இல்லை.

#5 மோகனப்பித்து

வெண்பாப்புலி அண்ணே, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. எம்.எஸ்.வி. இதற்கு மெட்டுப் போட்டது திஸ்ரத்தில். மூன்று மூன்றாக நடக்கும் தாளம். சீருக்கு மூன்று அசை இருக்கிற பாட்டுக்கு மூன்றின் நடை. அசைக்கு ஓர் அடி என்று நேராகப் பொருந்தாதுதான், நெடிலில் இழுத்தும் இடையில் மூச்சுவிட்டும்தான் பாடுகிறோம். இருந்தாலும் பாட்டுக்குள் இருந்த நடையை அவர் காது பிடித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. ராகம் மோகனம். ஐந்தே சுரம், ம-வும் நி-யும் கிடையாது. பழைய பெயரில் முல்லைப்பாணி என்பார்கள், அரசாணையிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. சங்கீதம் தெரியாத பிள்ளைகள் நாற்பது பேரை நிற்கவைத்துப் பாடச் சொன்னால்கூட மோகனம் ரொம்பக் கெட்டுப்போகாது, அந்த ராகத்தின் குணம் அப்படி. ஒலிப்பதிவில் பாடியது டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும்.

1970-இல் கலைஞர் முதல்வராக இருந்தபோது அரசு விழாக்களின் தொடக்கப் பாடலாக இதை அறிவித்தார்கள். ஆக, எழுதி 79 வருஷம் கழித்துத்தான் இன்று நமக்குத் தெரிந்த மெட்டு வந்தது. அந்த மெட்டு இல்லாமல் அறிவிப்பு மட்டும் வந்திருந்தால் இது இன்றைக்கும் புலவர் மன்றப் பாட்டாகத்தான் இருந்திருக்கும்.

#6 தஞ்சைத்தட்டு

மோகனப்பித்து, கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. 1970-க்கு முன்னாலேயே தமிழ் அமைப்புகள் இதைப் பாடிக்கொண்டுதான் இருந்தன. கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911-இல் தொடங்கியது, அங்கே கூட்டங்களில் இந்த வாழ்த்தைப் பாடும் வழக்கம் அரசாணைக்கு ரொம்ப முன்பே உண்டு. அரசு ஏதோ பழைய புத்தகத்தைத் தூசு தட்டிக் கண்டுபிடித்த மாதிரி பேசக்கூடாது. மெட்டு பரப்பியது, சரி. ஆனால் உயிரோடு வைத்திருந்தது சங்கத்துக்காரர்கள்.

#7 மோகனப்பித்து

ஒத்துக்கொள்கிறேன். ‘புலவர் மன்றப் பாட்டு’ என்று எகத்தாளமாக எழுதியது தப்பு.

#8 கத்தரிக்கோல்

எல்லாரும் யாப்பு, தாளம் என்று சுற்றி வருகிறீர்களே, நேராகக் கேட்கிறேன். ஏன் வெட்டினார்கள்? எழுதியவர் உயிரோடு இருந்திருந்தால் விட்டிருப்பாரா? 1897-இலேயே, 42 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார் பாவம். அடுத்தவன் கவிதையில் பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததை எடுத்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

#9 ஏட்டுக்கட்டு

வெட்டின காரணத்தைப் பொதுவாக இரண்டாகச் சொல்வார்கள். ‘ஆரியம்போல் உலகவழக்கு அழிந்தொழிந்து’ என்று இன்னொரு மொழி செத்துப்போனதைச் சொல்லி நம் மொழியை வாழ்த்துவது அரசு மேடைக்கு ஆகாது. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு எல்லாம் உன் வயிற்றில் பிறந்தவை என்று பாடினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டுமே ஞாயமாகத்தான் படுகிறது எனக்கு. சபையில் எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டு வேறு, ஒரு கவிஞர் தன் நாடகத்துக்கு எழுதிய வணக்கம் வேறு.

மொழியியல் கணக்கிலும் அந்த வரி இன்று நிற்காது. தமிழிலிருந்து தெலுங்கு பிறந்தது என்று இப்போது யாரும் சொல்வதில்லை. எல்லாவற்றுக்கும் மூலமாக ஒரு தொல்திராவிட மொழி, அதிலிருந்து கிளைகள் என்பதுதான் கணக்கு. ஆனால் சுந்தரனாரைக் குறை சொல்லவும் முடியாது. கால்டுவெல் ஒப்பிலக்கணம் வந்தது 1856, சுந்தரனார் பிறந்தது 1855. அந்தப் புத்தகத்தோடு கூடவே வளர்ந்த தலைமுறை. தென்னாட்டு மொழிகள் ஒரே குடும்பம் என்பது அப்போது புதுச் செய்தி, அந்தச் சந்தோஷம் அந்த வரியில் தெரிகிறது. ‘களிதெலுங்கு’, ‘கவின்மலையாளம்’ என்று எவ்வளவு செல்லமாகச் சொல்கிறார் பாருங்கள். திட்டுகிறவன் அடைமொழி கொடுப்பானா?

#10 அல்சூர்வாசி

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன், மூன்று தலைமுறையாக இங்கேதான். அந்த நான்கு மொழி வரியை இங்கே மேடையில் பாடிப் பாருங்கள், செல்லமா திட்டா என்று தெரிந்துவிடும் :) எடுத்ததே நல்லது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கர்நாடகத்தின் மாநிலப் பாடல் குவெம்பு எழுதியது, ‘ஜய பாரத ஜனனிய தனுஜாதே’. பாரத அன்னையின் மகளே, கர்நாடகத் தாயே என்று தொடங்கும். 2004-இல் மாநிலப் பாடலாக ஏற்றார்கள், அப்புறம் எந்த மெட்டில் எவ்வளவு நேரம் பாடுவது என்பதில் இழுபறி. 2022-இல்தான் மைசூர் அனந்தசாமி மெட்டு, இரண்டரை நிமிடம் என்று முடிவானது. தெலங்காணாவில் அந்தெஸ்ரீ எழுதிய பாட்டு தனி மாநிலப் போராட்டத்தில் ஊர் ஊராகப் பாடியது. 2024-இல் மாநிலப் பாடலானது, கீரவாணி இசையில் நீளமாக ஒன்று, சுருக்கமாக ஒன்று என்று இரண்டு வடிவம் வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படி இரண்டு வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

குவெம்பு பாட்டில் நாடு மகளாகவும் தாயாகவும் வருகிறது. நம் பாட்டில் நிலம் ஒரு பெண்ணின் முகம். இதில் எது ஊர்ப் பாட்டு, எது மொழிப் பாட்டு?

#11 வெண்பாப்புலி

அல்சூர்வாசி கேட்டது நல்ல கேள்வி. முதல் நான்கு வரி முழுக்க ஊர்தான், நிலம்தான். கடலைச் சேலையாக உடுத்திய பூமிப்பெண். அவள் முகம் பரதகண்டம். நெற்றி தக்காணம். நெற்றியில் இட்ட திலகம் திராவிட நாடு. (பிறைநுதலுக்குத் தெக்கணம், திலகத்துக்குத் திருநாடு என்று வரிசையாகப் பொருத்திக்கொள்ள வேண்டும், நிரல்நிறை.) வானத்தில் ஏறி நின்று பார்த்தவன் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வருகிற மாதிரி. முகம், நெற்றி, பொட்டு. அதற்கு அடுத்த அடி எங்கே வைப்பான்? மதுரையா, பொதிகையா என்று எதிர்பார்த்தால் திடீரென்று பொட்டின் வாசனைக்குப் போய்விடுகிறார். வாசனைக்கு எல்லை ஏது? எத்திசையும் மணக்கிறது. அந்த வாசனைதான் தமிழ். வரைபடத்தில் குறிக்க முடிகிற இடத்தில் தொடங்கி, குறிக்கவே முடியாத ஒன்றில் முடிகிறது. ஊர்ப்பாட்டு மொழிப்பாட்டாக மாறுகிற இடம் ‘அத்திலக வாசனைபோல்’.

#12 நாஞ்சில்மண்

அண்ணாச்சி, ஊர் என்று வந்தபிறகு நான் சும்மா இருக்க முடியுமா. சுந்தரனார் பிறந்தது ஆலப்புழை. வேலை பார்த்தது திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில், தத்துவப் பேராசிரியர். நடுவில் கொஞ்ச காலம் திருநெல்வேலி. தன் ஆசிரியர் ஹார்வி மேல் இருந்த பற்றில் வீட்டுக்கே ஹார்விபுரம் என்று பெயர் வைத்தவர். ஆக, இன்றைய தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்காரர் எழுதியது. மலையாளத்தை ‘கவின்’ என்று சொன்னவருக்கு அது அன்றாடம் காதில் விழுந்த மொழி.

நாடகமும் எங்கள் பக்கத்து வழக்குதான். பாண்டியன் ஜீவகன், அவனை ஆட்டிவைக்கும் அமைச்சன் குடிலன், தலைநகரை மதுரையிலிருந்து நெல்லைக்கு மாற்றுகிறார்கள், சேர மன்னனோடு சண்டைக்குக் காரணமாக நாஞ்சில்நாட்டு உரிமை வந்து நிற்கிறது. மூலக்கதை லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதை, ‘இரகசிய வழி’. சுந்தர முனிவர் சுரங்கம் தோண்டுவது அங்கிருந்து வந்தது. கதையை வெளியூரிலிருந்து எடுத்து எங்கள் வயலுக்குள் நட்டுவிட்டார். நடிப்பதற்கு என்பதைவிடப் படிப்பதற்கு எழுதிய நாடகம். ஆனால் 1942-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘மனோன்மணி’ என்று படமே எடுத்துவிட்டது, பி.யு. சின்னப்பா, டி.ஆர். ராஜகுமாரி.

#13 பொருநைக்கரை

இத்தனையும் படித்துவிட்டு முழுப் பகுதியையும் நேற்று ராத்திரி நாலைந்து முறை வாய்விட்டுப் படித்தேன். ஒன்று தட்டுப்பட்டது, தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

நாம் ‘தமிழ்த்தாய் வாழ்த்து’ என்கிறோம். பாடுகிற வரிகளில் தாய் எங்கே? ‘தமிழணங்கே’ என்றுதான் இருக்கிறது. சுந்தரனார் வைத்த தலைப்பும் ‘தமிழ்த் தெய்வ வணக்கம்’. இந்தப் பன்னிரண்டு வரியில் தாய் என்று நினைக்க இடம் கொடுப்பது ஒரே இடம், ‘உன் உதரத்து உதித்தெழுந்தே’. வயிறு, பிறப்பு. அது வெட்டுப்பட்ட பகுதியில் கிடக்கிறது! பிள்ளைகளை எடுத்துவிட்டு அம்மா என்று கூப்பிடுகிறோம்.

#14 ஏட்டுக்கட்டு

ஐயா, இருபது வருஷமாக இந்தப் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன், இது எனக்குத் தோன்றவில்லை. அணங்கு என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று வள்ளுவர் சொல்வது பார்த்தவனைக் கலங்கடிக்கிற பெண்ணை. பழைய பாட்டில் அணங்கு என்றால் அழகும் அச்சமும் சேர்ந்தது. மடியில் வைத்துத் தாலாட்டுகிறவள் இல்லை. அதனால்தான் ‘செயல்மறந்து’ என்கிறார். பார்த்ததும் கை கால் ஓடவில்லை.

#15 கத்தரிக்கோல்

‘செயல்மறந்து’ என்று பாட்டே சொல்லும்போது எழுந்து நிற்கிற செயல் மட்டும் எதற்கு? :)

#16 வழக்குமூட்டை

கத்தரிக்கோல் விளையாட்டாகச் சொன்னாலும் அது நிஜமாகவே நீதிமன்றம் வரை போன விஷயம். 2018-இல் ஒரு மடாதிபதி விழாவில் எழுந்து நிற்கவில்லை என்று எழுந்த சர்ச்சையிலிருந்து வந்த வழக்கு. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, இது இறைவணக்கப் பாடல்தான், நாட்டுப்பண் போல இல்லை, எழுந்து நிற்கச் சட்டக் கட்டாயம் கிடையாது என்றது. அதே மாதம் 17-ஆம் தேதி அரசு ஆணை போட்டது. மாநிலப் பாடல் என்ற தகுதி, 55 விநாடி, பாடும்போது எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத் திறனாளிகளுக்கு விலக்கு. இசைத்தட்டைப் போடாமல் பயிற்சி பெற்றவர்களை வைத்து வாயால் பாடவைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை எத்தனை மேடையில் கடைப்பிடிக்கிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

#17 புதுவைக்குயில்

நடுவில் ஒரு தகவல். புதுச்சேரியில் வாழ்த்து வேறு. பாரதிதாசனின் ‘வாழ்வினில் செம்மையைச் செய்பவள் நீயே’. அதில் ‘என் தமிழ்த்தாயே’ என்று நேராகவே வருகிறது, பொருநைக்கரை ஐயா கவலைப்பட வேண்டாம்.

#18 கிள்ளான்காரி

மலேசியாவில் நாங்கள் பாடுவதும் வேறு. ‘காப்பியனை ஈன்றவளே, காப்பியங்கள் கண்டவளே’ என்று தொடங்கும், சீனி நைனா முகம்மது ஐயா எழுதியது. தக்காணமோ திருநாடோ அதில் எங்களுக்குத் தேவைப்படவில்லை, வெண்பாப்புலி சொன்ன வாசனை மட்டும் போதுமாக இருந்தது போல. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து யாராவது மேடைக்கு வந்தால் நீராருங் கடலுடுத்தவும் சேர்ந்துகொள்ளும், எங்களுக்கு அன்றைக்கு இரண்டு முறை எழுந்து நிற்கிற உடற்பயிற்சி.

#19 கத்தரிக்கோல்

வெட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 அக்டோபரில் சென்னைத் தூர்தர்ஷன் விழாவில் ‘தெக்கணமும் அதிற்சிறந்த’ வரியையே விட்டுவிட்டுப் பாடினார்களே. ஏற்கெனவே அரைப்பாட்டு, அதிலும் ஒரு வரி போச்சு. பெரிய ரகளை, தூர்தர்ஷன் மன்னிப்புக் கேட்டது. ஏட்டுக்கட்டு ஐயாவுக்கு ஒரு கேள்வி, அன்று அரசு வெட்டினால் ஞாயம், இன்று இவர்கள் விட்டால் குற்றமா?

#20 ஏட்டுக்கட்டு

1970-இல் ஊரறியச் சொல்லி, ஒரு வடிவத்தை முடிவு செய்து, எல்லாரும் அதையே பாட வேண்டும் என்று வைத்தார்கள். அப்படி வைத்த பிறகு மேடையில் ஒரு வரி விழுந்தால் அது பிழைதான். இரண்டையும் ஒன்றாக்க முடியாது, தம்பி.

இருந்தாலும் உங்கள் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. அந்த வரி விழுந்தால் நிரல்நிறையே உடைந்துவிடும். திலகம் இருக்கும், எந்த நாடு திலகம் என்று இருக்காது. 1970 வெட்டில் பொருள் உடையவில்லை, எதுகைதான் போனது. வெட்டுவதிலும் பார்த்து வெட்டுவது உண்டு.

#21 வெண்பாப்புலி

கூடவே ஒரு பொடி விஷயம். மூலத்தில் ‘திரவிடநல்’ என்று குறில், இப்போது பாடுவது ‘திராவிடநல்’ என்று நெடில். இதை வைத்து ‘பாட்டைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். திர-விட-நல், திரா-விட-நல். இரண்டுமே நிரை நிரை நேர். அசை அப்படியே இருக்கிறது. சண்டை போட வேறு காரணம் தேடிக்கொள்ளச் சொன்னேன்.

#22 மூன்றாம்மணி

தமிழாசிரியை நான். நீங்கள் பேசுவதெல்லாம் உயரத்தில் இருக்கிறது, என் பிரச்சினை தரையில். பாதிப் பிள்ளைகள் ‘நீராடும் கடலுடுத்த’ என்று பாடுகிறார்கள். கடல் குளிக்கப் போகிறதா? நீர் ஆரும், நீர் நிறைந்த என்று வருஷா வருஷம் பலகையில் எழுதுகிறேன். ‘கெழிலொழுகும்’ என்றால் என்ன மிஸ் என்பார்கள், நிலமடந்தைக்கு எழில் ஒழுகும் என்று பிரித்துக் காட்டியதும் ‘அவ்வளவுதானா’ என்று முகம் வாடிவிடும். ‘வாழ்த்துதுமே’ இன்னும் மோசம். யாரோ வாழ்த்துகிறது, அதோடு ஒரு மே. ‘திங்களைப் போற்றுதும்’ சிலப்பதிகாரத்தில் படித்தீர்களே, அந்த ‘தும்’தான் இது, நாம் வாழ்த்துகிறோம் என்று பொருள் என்று சொன்னால் கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் தலையாட்டுவாள். அவளுக்காகத்தான் சொல்கிறேன்.

#23 மோகனப்பித்து

டீச்சர், ‘ஆடும்’ வருவதற்கு மெட்டும் கொஞ்சம் துணை. ‘ரா’வில் இழுத்துவிட்டு ‘ருங்’ சட்டென்று விழுவதால் சின்னக் காதுக்கு ர-வும் ட-வும் ஒன்றாகக் கேட்கிறது. வீட்டில் நேற்றுப் பன்னிரண்டு வரியையும் அதே மெட்டில் பாடிப் பார்த்தேன். ‘கன்னடமுங் களிதெலுங்கும்’ அற்புதமாக உட்காருகிறது. முழுசாகப் பாடினால் இன்னும் ஒரு முக்கால் நிமிடம்தான் கூடுகிறது.

#24 பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. அழைப்பிதழில் பன்னிரண்டு வரியையும் போட்டுவிட்டேன், பாடுகிற வரிகள் தடித்த எழுத்தில், மற்றவை மெல்லிய எழுத்தில். ‘சிதையாவுன்’ என்ற சொல்லில் ‘சிதையா’ மெல்லியது, ‘வுன்’ மட்டும் தடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் அச்சுப் பிழை என்று நினைத்துச் சுட்டிக்காட்டினார், உட்காரவைத்து ஒரு மணி நேரம் கதை சொல்லி அனுப்பினேன். மேடையில் பாடப்போவது 55 விநாடிதான்.

#25 பொருநைக்கரை

முந்நூறு பிரதி இப்போதுதான் அச்சகத்திலிருந்து வந்தது. எழுத்துத் தப்பென்று நினைத்து அங்கே யாரோ அக்கறையாகத் திருத்தியிருக்கிறார்கள். முதல் வரி: ‘நீராடுங் கடலுடுத்த’.

#26 மூன்றாம்மணி

என் மாணவனாகத்தான் இருக்கும் ஐயா. எந்த வருஷத்துப் பையன் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.